மல்லனின் மூச்சு

போர்க்கலை பயிலும் இளைஞன் ஒருவனைக் கண்டால் நாம் முதலில் நோக்குவது அவனுடைய புயத்தையும் மார்பையுமே. ஓட்டை ஒரே அடியில் உடைக்கும் கையையும், தலைக்கு மேல் உயரும் காலையும் மெச்சுகின்றோம். அவனுடைய மூச்சை மெச்சுவார் எவருமில்லை. கண்ணுக்குப் புலப்படாத ஒன்றை மெச்சுவது எங்ஙனம் எனக் கேட்கலாம். எனினும், சமபலம் வாய்ந்த இருவர் எதிர்நின்று பொருதும்போது வெற்றியைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அந்த மூச்சுத்தான். பயிலும் பிள்ளைக்கு ஊறு நேராமற் காப்பதிலும் அதற்குப் பெரும் பங்குண்டு. மகனையோ மகளையோ கராத்தே, ஜூடோ முதலிய வகுப்புகளுக்கு அனுப்பும் பெற்றோர் இன்று பலர். ஆதலின் இவ்வாரம் இப்பொருளைச் சற்று விரித்துப் பேச எண்ணினோம்.

யப்பானின் தலைநகராகிய டோக்கியோவிற் கோடோக்கன் என்றொரு பயிற்சி நிலையம் உண்டு. ஜூடோக் கலையை வகுத்தளித்த கானோ ஜிகோரோ 1882ஆம் ஆண்டில் நிறுவியது அது. அங்கே 2020ஆம் ஆண்டு டிசெம்பர் 13ஆந் திகதி, பார்வையாளர் இல்லாத மண்டபமொன்றில், இரண்டு இளைஞர் எதிரெதிரே நின்றனர். ஒருவர் ஹிபுமி அபே. 2017ஆம், 2018ஆம் ஆண்டுகளின் உலக வெற்றிவீரர். மற்றவர் ஜோஷிரோ மாருயாமா. 2019ஆம் ஆண்டின் உலக வெற்றிவீரர். இருவரும் 66 கிலோகிராம் எடைப் பிரிவினர். ஒலிம்பிக் போட்டியில் ஓர் எடைப் பிரிவில் ஒரு நாட்டுக்கு ஓரிடமே உண்டு. அவ்விடம் எவருக்கு என்பதை அன்றைய ஒரு போட்டியே தீர்க்கவேண்டியிருந்தது.

ஜூடோப் போட்டிக்கு வரையறுத்த நேரம் 4 நிமிடம். அதற்குள் முடிவு தெரியாவிடின், ஒருவர் புள்ளி பெறும்வரை, அல்லது தண்டனை மிகுந்து விலக்கப்படும்வரை, கால எல்லையின்றிப் போட்டி நீளும். அன்று 4 நிமிடம் கழிந்தது, 8 கழிந்தது, 15 கழிந்தது, 20உம் கழிந்தது. 24ஆவது நிமிடத்தில் அபே தம் காலை எதிரியின் கால்களுக்கிடையே செலுத்தி, உள்ளிருந்து வாரி அவரை வீழ்த்தினார். ஒரு போட்டிக்குள் ஆறு போட்டிகள் அடங்கிவிட்டன. அடுத்த ஆண்டு யூலை 25ஆந் திகதி டோக்கியோ ஒலிம்பிக்கில் அபே தங்கப் பதக்கம் பெற்றார். அதே நாளில் அவருடைய தங்கை உத்தா அபேயும் 52 கிலோகிராம் பிரிவில் தங்கம் வென்றார் என்பதைக் கூறாமற் செல்ல எமக்கு மனம் வரவில்லை. அத்தகைய நாள் எந்தப் பெற்றோருக்கு எளிதில் வாய்க்கும்?

24 நிமிடம் ஒருவரையொருவர் பற்றி இழுத்துத் தள்ளிய பின்னரும், அந்தக் கால்வாரல் வடிவங் குலையாமல் நிகழ்ந்தது என்பதே எம்மை வியப்பில் ஆழ்த்துகிறது. களைப்பு வந்தவுடன் மனிதனை விட்டு முதலில் விலகுவது பலமன்று, நுட்பமே. கண் காண்பதற்கும் கால் நகர்வதற்கும் இடையேயுள்ள நேரம் நீள்கிறது. இடுப்பு தாழாமல் நிமிர்ந்துவிடுகிறது. கை தன் காவலை விட்டுக் கீழே தொங்குகிறது. பத்தாண்டு பயின்ற வித்தையும் பதினைந்து விநாடி மூச்சுத்திணறலில் மறைந்துபோவதைப் போட்டி மைதானங்களிற் காணலாம்.

இதன் காரணத்தை ஒரு குடும்பத்தின் வரவு செலவோடு ஒப்பிட்டால் எளிதில் விளங்கும். தசைகள் தொழில் செய்வதற்கான சக்தி மூன்று வழிகளில் வருகிறது. முதலாவது, மடியில் முடிந்து வைத்த சில்லறை. தசைக்குள்ளே சேமித்து வைக்கப்பட்டுள்ள கிரியேற்றின் பொசுபேற்று எனும் பொருளே அது. கேட்ட கணத்தில் உதவும். ஆயின் முழு வேகத்திற் செலவிட்டால் பத்து விநாடி அளவிற் பெரிதும் தீர்ந்துவிடும். இரண்டாவது, கைமாற்றுக் கடன். தசையிலுள்ள மாச்சத்தை ஒட்சிசனின் துணையின்றி உடைத்துச் சக்தி பெறும் முறை இது. காற்றின்றிய சுவாசம் என்று மாணவர் பாடநூலிற் படித்திருப்பர். மூன்றாவது, மாதச் சம்பளம். நுரையீரல் உள்வாங்கிய ஒட்சிசனை இருதயம் இரத்தத்தோடு அனுப்பிவைக்க, தசைக் கலங்களிலுள்ள இழைமணிகள் அதனைக்கொண்டு மாச்சத்தையும் கொழுப்பையும் எரித்துச் சக்தி தருகின்றன. இது மெதுவாகத்தான் வரும், ஆனால் நின்றுபோகாது.

கடன் என்னும் உவமை எமது சொந்தக் கற்பனையன்று. 1922ஆம் ஆண்டுக்குரிய மருத்துவ நோபல் பரிசை ஒட்டோ மேயர்ஹோப் என்பாருடன் பகிர்ந்துகொண்ட ஆங்கிலேய அறிஞர் ஏ. வி. ஹில், 'ஒட்சிசன் கடன்' என்ற சொல்லையே வழங்கினார். ஓடி முடித்த பின்னும் நாம் நெடுநேரம் மூச்சுவாங்கி நிற்பது அக்கடனை அடைப்பதற்கே என்பது அவர் கருத்து. அவருடைய கணக்கிற் சில பகுதிகளைப் பின்வந்தோர் திருத்தியுள்ளனர். அக்காலத்தில் இலத்திக்கமிலத்தை நச்சுப்பொருள் போலவே பேசினர்; மறுநாள் தோன்றும் உடல்வலிக்கும் அதனையே காரணமாக்கினர். இன்று அது இருதயமும் ஏனைய தசைகளும் எரித்துப் பயன்கொள்ளும் எரிபொருள் என்பது தெளிவாகியுள்ளது. மறுநாள் வலிக்குக் காரணம் தசை நார்களில் ஏற்படும் நுண்ணிய சிதைவு. பயிற்சி மண்டபங்களில் மட்டும் பழைய கதையே இன்னும் வாழ்கிறது.

ஜூடோவும் மல்யுத்தமும் கணநேர வேகத்தின் கலைகளாயிற்றே. அவற்றுக்கு மாதச் சம்பளத்தால் ஆகும் பயன் யாது என்று கூர்மையான மாணவன் ஒருவன் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஜூடோப் போட்டியை மணிக்கூட்டுடன் இருந்து நோக்கினால், ஏறத்தாழ 20 முதல் 30 விநாடி வரை மோதலும், பின் 10 விநாடி அளவான இடைவேளையுமாக அது மாறி மாறிச் செல்வது தெரியும். மோதலிற் செலவான சில்லறை அந்த இடைவேளையிலேதான் மீண்டும் மடியிற் சேரவேண்டும். அதனைச் சேர்ப்பது ஒட்சிசன் வழி வரும் சக்தி மட்டுமே. முற்றாகத் தீர்ந்த சேமிப்பிற் பாதி நிரம்புவதற்கு அரை நிமிடம் அளவும், முழுவதும் நிரம்புவதற்குச் சில நிமிடங்களும் வேண்டும். நடுவர் இருவருக்கும் கொடுப்பது ஒரே அளவு இடைவேளை. அதே பத்து விநாடியில் நன்கு பயின்ற இருதயமுடையவன் கூடுதலாக நிரப்பிக்கொள்கிறான். மற்றவன் கடன்மேற் கடன் வாங்குகிறான். முதல் நிமிடத்தில் இவ்வேறுபாடு தெரியாது. நான்காம் நிமிடத்தில் அரங்கின் கடைசி வரிசையில் இருப்பவருக்கும் தெரியும்.

இதனோடு இன்னொரு நுட்பமும் உண்டு. ஜூடோ வீரன் எதிரியின் சட்டையை விடாது பற்றியிருத்தல் வேண்டும். ஒரு தசை அசையாது இறுகி நிற்கும்போது தன்னுள்ளே ஓடும் இரத்தக் குழாய்களையும் நெருக்கிவிடுகிறது. ஆதலின், உடல் முழுவதும் இரத்தம் பாய்ந்துகொண்டிருக்க, முன்கை மட்டும் பஞ்சத்தில் வாடும். புதிதாய்ப் பயில்வோர் விரல்களை இடைவிடாது இறுக்கிக்கொண்டு, அதனோடு மூச்சையும் அடக்கிக்கொள்வர். இரண்டு நிமிடத்தில் அவர்களுடைய கை மரத்துவிடும். தேர்ந்தவன் பிடியைத் தளர்த்தும் கணத்தையும், மூச்சை வெளிவிடும் கணத்தையும் அறிந்தவன்.

எதிரியின் மூச்சையே குறிவைத்து வென்ற கதை குத்துச்சண்டையில் உண்டு. 1974ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி, அந்நாளிற் சயர் என வழங்கிய கொங்கோ நாட்டின் கின்சாசா நகரில், விடியுமுன் முகமது அலியும் ஜோர்ஜ் போர்மனும் பொருதினர். போர்மனுக்கு வயது 25, அலிக்கு 32. அதற்கு முன் போர்மன் ஜோ பிரேசியரை இரண்டாஞ் சுற்றில் வீழ்த்திப் பட்டம் பெற்றிருந்தார். ஜோ ரோமனை முதலாஞ் சுற்றிலும், கென் நோர்ட்டனை இரண்டாஞ் சுற்றிலும் வீழ்த்தி அதனைக் காத்திருந்தார். இவ்வாறு விரைந்து வெல்பவருக்கு ஒரு குறை உண்டு; நெடுநேரம் பொருதும் பழக்கம் அற்றுப்போகும். அலி கயிற்றிற் சாய்ந்து, கைகளால் முகத்தையும் விலாவையும் மறைத்துக்கொண்டு, போர்மன் முழுப்பலத்தோடும் அடிக்க இடங்கொடுத்தார். ஐந்தாறு சுற்றுகளுக்குள் போர்மனின் கைகள் கனத்தன. எட்டாஞ் சுற்றில் அலியின் குத்துகளுக்கு அவர் சுழன்று விழுந்தார். இத்தந்திரத்தை எந்த மாணவனும் பின்பற்றலாகாது என்பது எமது உறுதியான கருத்து. அலி பின்னாளில் நடுக்குவாத நோயால் நெடுங்காலம் வருந்தி 2016ஆம் ஆண்டில் மறைந்தார். தலையில் அடி வாங்குவதை ஒரு வித்தையாகப் போற்றுவதற்கில்லை.

எல்லையற்ற நெடுமூச்சும் வேண்டுவதில்லை என்பதற்கு 1912ஆம் ஆண்டு ஸ்டொக்ஹோம் ஒலிம்பிக் ஒரு சான்று. அங்கு கிரேக்க-உரோம மல்யுத்தத்தின் நடுத்தர எடைப் பிரிவில் ரஷ்யாவின் சார்பில் இறங்கிய எஸ்தோனியர் மார்ட்டின் கிளைன், பின்லாந்தின் அல்பிரட் அசிக்காயினெனுடன் 11 மணி 40 நிமிடம் பொருது வென்றார். வென்ற களைப்பினால் இறுதிப் போட்டியில் இறங்க இயலாது போகவே, தங்கம் சுவீடனின் கிளேஸ் யோஹான்சனுக்குச் சென்றது. அத்தகைய போட்டிகள் இன்று இல்லை, இல்லாதது நன்றே.

இன்றைய வீரனுக்கு எவ்வளவு வேண்டும்? ஒரு நிமிடத்தில் உடலின் ஒவ்வொரு கிலோகிராம் எடைக்கும் எத்தனை மில்லிலீற்றர் ஒட்சிசனைப் பயன்படுத்த முடியும் என்று அளப்பது அறிஞர் வழக்கம். ஆரோக்கியமான சாதாரண இளைஞனுக்கு அது 40 முதல் 45 வரை இருக்கும். ஜூடோ, மல்யுத்தம் முதலியவற்றில் தேர்ந்த ஆடவருக்குப் பெரும்பாலும் 50 முதல் 60 வரை. நெடுந்தூர ஓட்டத்திலும் பனிச்சறுக்கிலும் உலகின் முன்னணியில் நிற்போர் 80ஐயும் கடப்பர். மல்லன் அவ்வளவு தூரம் செல்ல வேண்டியதில்லை. சென்றால் அவனுடைய பருத்த தசையையும் திடீர் வேகத்தையும் விலையாகக் கொடுக்க நேரும். நாள்தோறும் பத்து மைல் ஓடவைத்து ஜூடோ வீரனை உருவாக்க எண்ணும் ஆசிரியர், நெல் விதைத்த வயலிற் புகையிலை தேடுபவராவார்.

வாரத்தில் இரண்டு மூன்று நாட்கள், பக்கத்தில் வருபவருடன் பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில், அரைமணி நேர ஓட்டமே அத்திவாரம். பல வாரங்கள் இதனைச் செய்துவர இருதயத்தின் இடது அறை விரிந்து, ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதலான இரத்தத்தைச் செலுத்தும், தசைகளுக்குள் நுண்குழாய்கள் பெருகும், இழைமணிகளும் பெருகும். காலையில் எழுந்தவுடன் நாடியை எண்ணிக் குறித்துவைக்கும் மாணவன், சில மாதங்களில் அவ்வெண் இறங்குவதைத் தானே காண்பான். அத்திவாரத்தின் மேலேதான் கடுமையான இடைவேளைப் பயிற்சி வரவேண்டும். யப்பானிய அறிஞர் இசுமி தபாத்தா 1996ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு புகழ்பெற்றது. 20 விநாடி உச்ச முயற்சி, 10 விநாடி ஓய்வு, இவ்வாறு ஏழெட்டு முறை. ஆறு வாரங்களில் ஒட்சிசன் வழியும் கடன் வழியும் ஒருங்கே உயர்ந்தன. அம்முறை பனிச்சறுக்கு வேக ஓட்டக்காரருக்காக ஒரு பயிற்றுநர் வகுத்தது. ஆய்வில் ஈடுபட்டோரோ ஏற்கெனவே உடற்பயிற்சியிற் பழகிய இளைஞர். 'நான்கு நிமிடத்தில் உடலுறுதி' என்று இதனைச் சிறுவர்க்கும் முதியோர்க்கும் ஒருசேர விற்பவர்கள் இவ்விரண்டையும் சொல்வதில்லை.

பயன் கிட்டியதா என்று அறிவதற்குப் போலந்து நாட்டவரான ஸ்தெர்க்கோவிச் 1995ஆம் ஆண்டில் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. ஆய்வுகூடம் வேண்டாம், மணிக்கூடும் இரண்டு தோழரும் போதும். தோழர் இருவரும் 6 மீற்றர் இடைவெளியில் நிற்க, நடுவில் நிற்பவர் மாறி மாறி ஓடிச்சென்று இருவரையும் தோள்மேல் எடுத்து எறிதல் வேண்டும். முதலில் 15 விநாடி, பின்னர் 30, மறுபடியும் 30. இடையில் 10 விநாடி ஓய்வு. முடிந்தவுடன் ஒரு நிமிடத்துக்குரிய நாடித்துடிப்பையும், ஒரு நிமிடம் கழித்து மீண்டும் அதனையும் குறித்து, இரண்டையும் கூட்டி, எறிந்த தொகையால் வகுக்க வேண்டும். உதாரணமாக, ஒருவர் 26 முறை எறிந்தார். துடிப்பு முதலில் 184, பின்பு 154 என்க. கூட்டினால் 338, அதனை 26ஆல் வகுக்க வருவது 13. இவ்வெண் குறையக் குறைய நன்று. இச்சோதனையை நாம் விரும்புவதற்குக் காரணம், எத்தனை எறிந்தான் என்பதோடு எவ்வளவு விரைவில் ஆறினான் என்பதையும் இது கேட்பதே. முறையாக விழவும் எறியவும் கற்றோர் மட்டும், ஆசிரியர் முன்னிலையிலேயே இதனைச் செய்யவேண்டும்.

இனி, பெற்றோர் ஊன்றி நோக்கவேண்டிய செய்திக்கு வருகின்றோம். 1997ஆம் ஆண்டின் இறுதியில், அமெரிக்காவில் ஐந்து வாரங்களுக்குள் மூன்று கல்லூரி மல்யுத்த மாணவர் இறந்தனர். களத்தில் எவரும் அவர்களை வீழ்த்தவில்லை. எடைப் பிரிவுக்குள் அடங்குவதற்காக, உணவையும் நீரையும் குறைத்து, காற்றுப் புகாத உடை அணிந்து, வெப்பமான இடத்திற் கடும் பயிற்சி செய்து வியர்வையாய் உடல்நீரை வெளியேற்றினர். இரத்தத்தின் நீர் குறைந்தால் இருதயம் ஒரு துடிப்பிற் செலுத்தும் அளவு குறைகிறது. அதனை ஈடுசெய்யத் துடிப்பு விரைகிறது. தோலுக்குச் செல்லும் இரத்தமும் வியர்வையும் குறைய, உடலின் வெப்பம் வெளியேற வழியின்றி ஏறிக்கொண்டே போகிறது. மூன்று வீடுகளில் மூன்று பிள்ளைகள் திரும்பி வராத பின்னரே அங்குள்ள கல்லூரி விளையாட்டுச் சங்கம் அவ்வுடையையும் வெந்நீராவி அறையையும் விலக்கி, எடை பார்க்கும் நேரத்தையும் போட்டிக்கு அண்மையில் வைத்தது.

எமது நாட்டில் வெந்நீராவி அறை வேண்டியதில்லை. ஏப்பிரல் மாதப் பிற்பகலே போதும். காற்று ஈரமாயிருக்கையில் வியர்வை உலராது. உலராத வியர்வை உடலைக் குளிர்விக்காது. அதன்மேல் தடித்த பருத்திச் சட்டை வேறு. அந்நிலையிலும், பயிற்சி முடியும்வரை நீர் அருந்தலாகாது என விதிக்கும் ஆசிரியர் இன்றும் இருக்கின்றனர். அது கட்டுப்பாடு என்றும், மனவுறுதி வளர்க்கும் வழி என்றும் அவர்கள் கூறுவர். அவர்களுடைய நோக்கத்தை நாம் ஐயுறவில்லை. வழியை ஒருபோதும் ஏற்கமாட்டோம். உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு நீர் குறைந்தாலே நெடுமூச்சுத் தளரத் தொடங்கும். 50 கிலோகிராம் எடையுள்ள மாணவனுக்கு அது ஒரு லீற்றர்தான். பிள்ளையின் பையில் நீர்ப்போத்தல் ஒன்றை வைத்தனுப்புங்கள். அது நிரம்பியபடியே திரும்பி வந்தால் ஏனென்று விசாரியுங்கள். வளரும் பிள்ளை எடைப் பிரிவுக்காகப் பட்டினி கிடக்க நேர்ந்தால், பிரிவை மாற்றச் சொல்லுங்கள். பயிற்சியின்போது மார்பு வலிக்கிறது, மயக்கம் வந்தது, மூச்சு இழுக்கிறது என்று பிள்ளை சொன்னால் அதனைச் சோம்பல் என்று தள்ளாது வைத்தியரிடம் காட்டுங்கள். தொய்வு நோயுள்ள பிள்ளைகளும் வைத்திய ஆலோசனையுடன் இக்கலைகளைப் பயிலலாம், பலர் பயில்கின்றனர்.

சிறுபிள்ளைகளைப் பற்றி ஒரு சொல். அவர்கள் ஓடுவர், நிற்பர், மறுகணம் மீண்டும் ஓடுவர். வளர்ந்தோரை விட அவர்கள் விரைவில் ஆறிவிடுவதும், கடன் வழியை விடச் சம்பள வழியையே மிகுதியாக நம்பி வாழ்வதும் ஆய்வுகளால் அறியப்பட்டவை. பத்து வயதுப் பிள்ளைக்குத் தனியாக மூச்சுப் பயிற்சி எதுவும் வேண்டாம். ஓடிப்பிடிக்கும் விளையாட்டே போதும்.

பரீட்சைக்காகச் சில மாதங்கள் வகுப்பை விட்டு நின்று, பின்பு திரும்பும் மாணவர்க்கும் ஒன்று சொல்லவேண்டியுள்ளது. கற்ற பிடிகளும் அடிகளும் நெடுநாள் மறவா. மூச்சோ அப்படியன்று. பயிற்சியை நிறுத்திய இரண்டு வாரங்களுக்குள்ளேயே இரத்தத்தின் நீர்ப்பங்கு குறைந்து, நான்கு வாரத்தில் நெடுமூச்சுத் தெளிவாகத் தளர்ந்திருக்கும். கைகால் பழைய வீரனுடையவை; இருதயம் புதியவனுடையது. இந்நிலையிற் பழைய தோழருடன் முதல் நாளே சமபோட்டியில் இறங்கினால் முழங்காலோ தோளோ பழுதுபடும். முதல் இரண்டு மூன்று வாரங்கள் மெல்லோட்டமும், எதிர்ப்பில்லாத எறிதற் பயிற்சியும் மட்டும் செய்க. பரீட்சைக் காலத்திலும் வாரத்தில் இரு மாலைகள் அரைமணி நேரம் ஓட முடியுமாயின், அந்த இரண்டு மூன்று வாரங்களும் பெரும்பாலும் தேவைப்படா.